பாப்பாவுக்கு, ஆக்சிஜன் மெஷின் விஷயமா

பாப்பா,

நீ அனுப்புன லிங்க்கெல்லாம் பாத்தேன், மெஷின் போட்டோ நல்லாத்தான் இருக்கு, ஆஃபர்னு வேற சிவப்புல போட்டிருக்கான், ஆனா சம்பந்திக்கு அதுல ஆர்டர் போட்டுறாத, கொஞ்சம் பொறு. போன்ல சொன்னா பாதியிலயே சரிப்பா சரிப்பான்னு வச்சிருவ, அதான் டைப் பண்றேன், நீளமாத்தான் போகும், மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு, அவங்கப்பா விஷயம்ல.

மெஷினுக்கு முன்னாடி டாக்டர் சீட்டு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆக்சிஜன் அளவு எதுல இருந்து எதுக்குள்ள நிக்கணும், இதெல்லாம் எழுதி வாங்கணும், வெறும் ஆக்சிஜன் தெரபின்னு மட்டும் எழுதியிருந்தா திரும்பப் போய் கேக்கச் சொல்லு. அம்மாவுக்கு 2 லிட்டர், குறைஞ்சது 15 மணி நேரம், அளவு 88க்கும் 92க்கும் நடுவுல. உங்க பெரியம்மா பாக்க வந்தவங்க என்ன இது 90தான் காட்டுதுன்னு திருகைக் கூட்டி வைக்கப் போயிட்டாங்க, நான் சத்தம் போட்டுத்தான் நிறுத்துனேன். விறகடுப்புப் புகையில வந்த சிஓபிடி இவளுக்கு, அதான் மூச்சுக்குழாய் அடைச்சுக்கற நாள்பட்ட வியாதி, இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஆக்சிஜனை கூட்டிக்கிட்டே போனா உள்ள கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆளு தூக்கத்துலயே அசந்து போயிரும். சம்பந்திக்கு நுரையீரல்ல இருக்கறது வேற வியாதி, அவருக்கு நம்பரும் வேற வரும், அம்மாவுக்கு வச்சதைப் பாத்து அங்க வச்சிராதீங்க.

இப்ப மெஷினுக்கு வர்றேன். அது ஆக்சிஜனை உண்டாக்கறதில்ல, ரூம்ல இருக்கற காத்தை இழுத்து ஜியோலைட்னு ஒரு மணி மணியா இருக்கற பொருள் வழியா அழுத்தி அனுப்புது, நைட்ரஜன் அதுல ஒட்டிக்கும், மிச்சம் 90 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜனா வெளிய வருது. அதனால சிலிண்டர் மாதிரி தீந்து போகாது, ஆனா கரண்ட் இல்லன்னா கட்டை. இதுல ஏமாத்து எங்கன்னா, சின்னதா கைக்கு அடக்கமா 1 லிட்டர்ல இருந்து 7 லிட்டர் வரைக்கும்னு போட்டு ஒண்ணு விக்கறான் பாரு, நீ அனுப்புனதுலயும் ஒண்ணு அந்த ரகம், அதுல 1 லிட்டர்ல வச்சா 90 சதவீதம் காட்டும், 7ல வச்சா 30 சதவீதம், கிட்டத்தட்ட ரூம் காத்துதான், சாதாரணக் காத்துலயே 21 இருக்கு. 2021ல கொரோனா ரெண்டாவது அலையப்ப ஆளாளுக்கு கிடைச்சதை வாங்குனாங்க, அதெல்லாம் இப்ப பரண்ல இருந்து எறங்கி செகண்ட் ஹேண்டா சுத்துது, ஓட்டாமயே கிடந்தா ஈரம் ஏறி அந்த ஜியோலைட் கெட்டுப் போயிரும், பாக்க புதுசாத்தான் இருக்கும்.

கடையில என்ன செய்யணும்னா, மெஷினை அங்கயே போட்டு 5 லிட்டர்ல முழுசா வச்சு, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அனலைசர்னு ஆக்சிஜனை அளக்கற கருவி, அதை வச்சு சதவீதம் காட்டுங்கன்னு கேக்கணும். அனலைசரான்னு முழிச்சான்னா வெளிய வந்துரலாம். நான் இங்க மதுரைப் பெரியாஸ்பத்திரி எதிர்ல பனகல் ரோட்டுல ஒரு கடையில கேட்டேன், அதெல்லாம் கம்பெனில டெஸ்ட் பண்ணித்தான் சார் வருதுன்னான், நான் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். கடைசியா வாடகைக்கு எடுத்த இடத்துல அந்தப் பையன் தானாவே அனலைசரை எடுத்து டியூப் முனையில சொருகினான், நம்பர் 70ல இருந்து மெதுவா ஏறி 93ல வந்து நின்னுச்சு, அப்புறம் மெஷின் பின்னாடி திருப்பி மணி மீட்டரைக் காட்டுனான், பைக்ல கிலோமீட்டர் ஓடுறாப்புல எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு அதுல இருக்கும், அதை பில்லுலயே எழுதிக் குடுத்தான் சீரியல் நம்பரோட சேத்து. வாடகைக்கு எடுத்தாலும் சரி சொந்தமா வாங்குனாலும் சரி இது ரெண்டும் பில்லுல இல்லாம காசு குடுக்க வேண்டாம்.

அவன்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் கீ கீன்னு கத்துனா யாரு வருவா. நிறைய கடையில டோல் ஃப்ரீ நம்பர் குடுக்கறாங்க, அது எங்கயோ ஒரு ஊர்ல எடுக்கும். இவன் தன் சொந்த நம்பரையும் மெக்கானிக் நம்பரையும் எழுதிக் குடுத்து, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனா அதே நேரத்துல வேற மெஷின் வச்சுட்டுத்தான் போவோம்னான், அதையும் எழுதுன்னு சொன்னேன், சிரிச்சுக்கிட்டே எழுதுனான். எதிர்வீட்டுல ஒருத்தர் ஆன்லைன்ல வாங்குனாரு, கடை விலையை விட எட்டாயிரம் கம்மி, சரியா நாலாவது மாசம் ஆக்சிஜன் குறையுதுன்னு மஞ்சள் லைட்டு எரிய ஆரம்பிச்சிருச்சு, பேக் பண்ணி டெல்லிக்கு அனுப்புங்கன்னு சொல்லிட்டான். பதினஞ்சு கிலோ மெஷினை யாரு பேக் பண்றது, அது திரும்பி வர்ற வரைக்கும் அந்த வீட்டுல படுத்திருக்கற அம்மா எதை மூச்சு வாங்கறது. டயப்பர், கையுறை, வைப்ஸ் இதெல்லாம் நீ அங்க இருந்தே ஆர்டர் போடு, தாராளமா போடு, மெஷின் மட்டும் வேண்டாம்.

அப்புறம் கரண்ட் விஷயம், முப்பது வருஷம் கரண்ட் போர்டுல இருந்தவன் சொல்றேன் கேட்டுக்க. 5 லிட்டர் மெஷின் சுமாரா 350 வாட்ஸ் இழுக்கும், 15 மணி நேரம் ஓடுனா நாளைக்கு அஞ்சேகால் யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 315 யூனிட் இதுக்கு மட்டும். அவங்க வீட்ல ஏசியும் இருக்கு, 500 யூனிட்டைத் தாண்டுச்சுன்னா ரேட்டே மாறிரும், அதனால பில்லைப் பாத்து பயந்து மெஷினை நிறுத்தி வைக்கற வேலையை சம்பந்தியம்மா பண்ணாம இருக்கணும், அவங்க பண்ணுவாங்க, முதல்லயே சொல்லி வை. இன்வெர்ட்டர் இருக்குன்னு சொன்ன, சைன் வேவா ஸ்கொயர் வேவான்னு பாக்கச் சொல்லு, ஸ்கொயர் வேவ்னா கம்ப்ரஸர் உறுமும், சூடாகும். 150 ஏஎச் பேட்டரி ஒண்ணு, அதுவும் புதுசா இருந்தா, மெஷினை மட்டும் ஓட்டுனா மூணு மணி நேரம் தாங்கும். மாசாந்திர பராமரிப்புன்னு காலையில ஒம்பது மணிக்கு நிறுத்துனா சாயந்தரம் வரைக்கும் வராத நாளும் உண்டு, எனக்குத் தெரியாதா, நிறுத்துனவனே நான்தான.

அதுக்குத்தான் பி டைப் சிலிண்டர் ஒண்ணு ஸ்பேர் இருக்கணும்ங்கறது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, 1500 லிட்டர் ஆக்சிஜன் பிடிக்கும், 2 லிட்டர்ல வச்சா கணக்குப்படி பன்னெண்டரை மணி நேரம், நான் பத்துன்னே வச்சுக்கறேன். டெபாசிட் கட்டுனா குடுக்கறாங்க, கூட ரெகுலேட்டரும் திறக்கற சாவியும் கேட்டு வாங்கணும், சாவியை கயித்துல கட்டி சிலிண்டர்லயே தொங்க விட்டுரு. சிலிண்டரை நிக்க வச்சு சங்கிலி போட்டு சுவத்தோட கட்டணும். பூஜை ரூம் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாத்துல இருந்தும் பத்தடியாவது தள்ளி. அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடறதை நிறுத்தறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு, இப்ப கீழ் வீட்டம்மா போடறாங்க, வாசனை வந்தா போதும்ங்கறா, அதுவும் புகைதானடின்னா முறைக்கறா. மூக்கு காஞ்சு எரியுதுன்னு சம்பந்தி வாசலின் தடவப் போறாரு, அது கூடாது, ஆக்சிஜன் பக்கத்துல எண்ணெய்ப் பொருள் தீப்பிடிக்கும், மெடிக்கல்ல எண்ணெய் இல்லாத தண்ணி ஜெல் கேட்டா தருவாங்க. ஆக்சிஜனை ஈரமாக்க மெஷின்ல மாட்டற பாட்டில்ல ஊத்தற தண்ணியும் டிஸ்டில்டு வாட்டர்தான், பேட்டரி கடையில விக்கறது இல்ல, மெடிக்கல்ல வாங்குனது, தினமும் மாத்தணும்.

மெடிக்கல்னதும் சொல்றேன், இதுதான் நான் முக்கியமா சொல்ல நினைச்சது. நீ ஆப்ல 20 பர்சன்ட் டிஸ்கவுன்ட்னு மாசாமாசம் அம்மா மாத்திரையை அனுப்பறேங்கற, எனக்கு அதுல கோபம் இல்ல. ஆனா நம்ம தெருமுனை மெடிக்கல்ல ஒரு பொண்ணு இருக்கு, பி.பார்ம் படிச்சது, சுவத்துல லைசென்ஸோட அதோட போட்டோவும் ரிஜிஸ்டர் நம்பரும் மாட்டியிருக்கும், பாதிக் கடைகள்ல போட்டோவுல இருக்கற ஆளு கடையில இருக்கறதில்ல, இங்க இருக்கு. போன மாசம் அம்மாவுக்கு கண்ணுல பிரஷர்னு கண்ணாஸ்பத்திரில சொட்டு மருந்து எழுதுனாங்க, டிமோலால்னு. கண்ணுக்குத்தான விடறோம்னு நானும் சீட்டை நீட்டுனேன், அந்தப் பொண்ணு மருந்தை எடுத்துட்டு வந்து கவுன்டர்ல வைக்காம கையிலயே வச்சுக்கிட்டு, அங்கிள் இது மூச்சுக்குழாயை சுருக்கற மருந்து, கண்ணுல விட்டாலும் உடம்புல சேரும், அம்மாவுக்கு மூச்சு பிரச்சனை இருக்குன்னு கண் டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டுச்சு. அங்க இருந்தே டாக்டருக்குப் போன் போட்டுப் பேசுனோம், வேற சொட்டு மருந்து மாத்திக் குடுத்தாங்க. ஆப்புக்கு நெஞ்சு டாக்டர் சீட்டு ஒரு பக்கம் போகும், கண் டாக்டர் சீட்டு இன்னொரு பக்கம் போகும், ரெண்டும் ஒரே பொம்பளைக்குத்தான்னு யாரு சேத்துப் பாப்பா?

அதனால சம்பந்தி இருக்கற பாளையங்கோட்டையிலயும் ஒரே மெடிக்கலைப் பிடிச்சு அங்கயே எல்லாச் சீட்டையும் காட்டச் சொல்லு. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் கேட்டுப் பாரு, முதுகுல சிவப்புக் கோடு போட்ட அட்டை, குடுத்துட்டான்னா அந்தக் கடை வேண்டாம். சில மருந்துக்கு தனி ரிஜிஸ்டர்ல டாக்டர் பேரு நோயாளி பேரு எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும், அதை எழுதறானான்னு கவனிச்சாலே தெரிஞ்சுரும். அட்டையில பாதி வெட்டிக் குடுக்கும்போது எக்ஸ்பயரி தேதி இருக்கற பக்கம் கடையில நிக்கணும், நம்மகிட்ட தேதி இல்லாத துண்டு வந்தா தேதியை பில்லுல எழுதி வாங்கணும். மருந்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 12ல இருந்து 5 ஆயிருச்சு, பழைய பில்லையும் புது பில்லையும் வச்சுப் பாக்கச் சொல்லு. பிபி, சுகர் மாத்திரைக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ரெண்டுலயும் விலை ரொம்பக் கம்மி, அதுவும் அதே மருந்துதான், பேருதான் வேற, ஆனா டாக்டர் எழுதுன கம்பெனிப் பேரு இருக்காது, அட்டையில சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரைச் சொல்லிக் கேக்கணும். அங்க வாங்குனாலும் இந்த மெடிக்கல் பொண்ணுகிட்ட ஒரு தடவை காட்டிருவேன், அது கோவிச்சுக்காது.

சம்பந்திக்கு கட்டிலும் எழுதியிருக்காங்கன்னு சொன்ன. ஒரு கைப்பிடி இருந்தா செமி ஃபவுலர், தலைப்பக்கம் மட்டும் தூக்கும், ரெண்டு கைப்பிடின்னா ஃபவுலர், முழங்காலும் மடங்கும். சாய்ஞ்சே உக்காந்தா கீழ சறுக்கி சறுக்கி வந்துருவாரு, முழங்கால் மடங்குறது இருந்தா அது இருக்காது, ரெண்டு கைப்பிடியே எடுக்கட்டும், வாடகைக்குப் போதும். ஹைகிரவுண்ட்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியைச் சுத்தி சர்ஜிக்கல் கடைங்க இருக்கும், மாப்பிள்ளை தம்பி ஒரு நாள் சாயந்தரம் நேர்ல போய் அனலைசர் கேள்வியைக் கேட்டுட்டு வரட்டும். போறதுக்கு முன்னாடி ரூம் கதவு அகலத்தையும் மாடிப்படி திரும்புற இடத்தையும் டேப் வச்சு அளந்துட்டுப் போகச் சொல்லு, அவங்க வீட்டு படி ஞாபகம் இருக்கு எனக்கு, உன் கல்யாணத்துக்கு பீரோ ஏத்தறதுக்கே ஜன்னலைக் கழட்டுனோம்.

விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் அனுப்பறேன்னியே, அது அனுப்பு, இங்க இருக்கறது அம்மாவுக்கு சரியா காட்டமாட்டேங்குது, மருதாணி வச்ச விரலா பாத்து மாட்டிக்கிட்டு உங்க மெஷின் சரியில்லன்னு என்னைத் திட்டறா. ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் காலைல கூப்பிடு, சாயந்தரம்னா உனக்கு நடுராத்திரி ஆயிருது, மாப்பிள்ளையும் பக்கத்துல இருந்தா சம்பந்தி டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லு, நெஞ்சு டாக்டரைப் பாக்கப் போறப்ப எத்தனை லிட்டர்னு போட்டிருக்காங்கன்னு அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்.

அப்பா