"எவ்வளவு கொண்டுவர முடியும்?": நாஸ்கார் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

நாஸ்கார் நிர்வாகத்தினருக்கும் அணி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

நான் வட கரோலினாவில், கான்கார்டில் குடியிருக்கும் தமிழன். சார்லட் மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எஞ்சின் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். நீங்கள் நடத்தும் பெரிய கார் பந்தயங்களுக்கும் போவேன். ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டிருப்பது கோடை மாலைகளில் அங்கே நடக்கும் சம்மர் ஷூட்அவுட் என்ற குட்டிக் கார் பந்தயங்களில். உங்கள் உச்சத் தொடரான கப் தொடரின் கார்கள் சீறிப்போகும் நேர்ப்பாதையையும், அவை டயர் மாற்ற ஒதுங்கும் பிட் ரோட்டையும் சேர்த்துக் கால் மைல் வளையமாக்கி, அதில் பிள்ளைகள் ஓட்டுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு பாண்டலேரோ என்ற குட்டி ரேஸ் கார். கொஞ்சம் வளர்ந்ததும் லெஜண்ட்ஸ் கார். அந்தக் காலத்துக் காரின் உருவத்தை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கி, மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்த வண்டி அது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை. முதல் சுற்றுப் பந்தயத்தில் சுவரில் உரசிய ஒரு லெஜண்ட்ஸ் கார் தள்ளாடியபடி பிட்டுக்குத் திரும்பியது. ஓட்டியவனுக்கு பதினைந்து வயது இருக்கும். இறங்கியவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வலது முன்சக்கரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அப்பா போன் வெளிச்சத்தில் வளைந்த கம்பியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த ட்ரெய்லரில் உதிரிபாகங்கள் அலமாரி நிறைய இருந்தன, சம்பளத்துக்கு இரண்டு மெக்கானிக்குகளும் இருந்தார்கள். இவர்களிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப்பும் ஓர் இரும்புக் குழாயும். குழாயைச் செருகி, இரண்டு பேரும் சேர்ந்து நெம்பி, கண்ணளவில் நேராக்கினார்கள். பையன் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு நான்காவதாக வந்தான். கோப்பை வாங்கியவன் யார் என்று எனக்கு நினைவில்லை. இவனை மறக்க முடியவில்லை.

அவன் அப்புறம் லேட் மாடல் வரைக்கும் போனான், உள்ளூர்த் தடங்களில் ஓடும் முழு அளவு ரேஸ் கார் அது. வாரயிறுதிப் பந்தயங்களில் ஜெயித்தான். ஓர் அணியிலிருந்து கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். நேரம் நன்றாகவே வந்தது. பாராட்டினார்கள். பிறகு அப்பாவைத் தனியாக அழைத்து ஒரே கேள்வி: "நீங்கள் எவ்வளவு கொண்டுவர முடியும்?" அவர் அதை என்னிடம் சொல்லும்போது குரல் உயரவே இல்லை. அந்த அக்டோபரில் காரை விற்றுவிட்டார்கள்.

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

பணம் இல்லாமல் கார் ஓடாது என்பது எனக்கும் தெரியும். உங்கள் மூன்று தேசியத் தொடர்களில் முதல் படியான, பிக்கப் வடிவ வண்டிகள் ஓடும் ட்ரக் தொடரில் ஒரு முழு சீசன் ஓட பத்து லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். டயர், எஞ்சின், ஆட்கள், பயணம் எல்லாம் காசுதான். அணி நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழி நெடுக ஒவ்வொரு கதவிலும் அதே கேள்வி நின்றால், கடைசியில் மேலே வந்து சேர்பவர்கள் யார்? வேகமானவர்களில் வசதியும் உள்ளவர்கள் மட்டும்தான். மற்றவர்களை நாம் பார்க்கவே போவதில்லை.

ராஜா கரூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டதும் நம்ம ஊர்ப் பையனோ என்று என்னிடம் விசாரித்த நண்பர்கள் உண்டு. அட்லாண்டாவில் பிறந்து வாஷிங்டன் டிசியில் வளர்ந்த கறுப்பின இளைஞர். சின்ன வயதில் கோ-கார்ட் ஓட்டி வளர்ந்தவர் இல்லை. 2018 வாக்கில், பள்ளியில் படிக்கும்போது, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டியரிங்கை மாட்டி ஐரேசிங் சிமுலேட்டரில் ஓட்டத் தொடங்கினார்.

விளையாட்டுப் பொம்மை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அந்த சிமுலேட்டரில் இருக்கும் பந்தயத் தடங்கள் லேசரால் அளந்து எடுக்கப்பட்டவை. எந்த வளைவில் தரை மேடு தட்டுகிறதோ, திரையிலும் அங்கேதான் தட்டும். எங்கே பிரேக்கை விடுவது, எந்தக் கோட்டில் உள்ளே இறங்குவது என்பதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் பழகிவிடும். பழகாதது முதுகு. நிஜக் காரில் பின் சக்கரம் வழுக்கத் தொடங்குவதை இருக்கை முதலில் சொல்லும், கண் பிறகுதான் பார்க்கும். ஓட்டுபவர்கள் 'லூஸ்' என்று சொல்வது அதைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கற்க முடியாது. யாராவது ஒரு நிஜக் காரைக் கொடுத்தால்தான் முடியும்.

கரூத்துக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது நீங்கள். சிறுபான்மையினரையும் பெண்களையும் பந்தயத்துக்குக் கொண்டுவர 2004இல் நீங்கள் தொடங்கிய 'டிரைவ் ஃபார் டைவர்சிட்டி' திட்டத்தில் 2019இல் அவர் சேர்ந்தார். ரெவ் ரேசிங் அணியில் லெஜண்ட்ஸ் கார், அடுத்த வருஷம் லேட் மாடல், பிறகு ட்ரக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் ஆர்கா. 2022 ஆர்கா தொடரில் மூன்றாவது இடம். 2023இல் வேறோர் அணியில், ட்ரக் தொடரில் முழு சீசன். அந்த அணியோ வருஷக் கடைசியில் ட்ரக் பந்தயத்தை விட்டே விலகியது. வேறொருவராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஸ்பயர் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2024 மார்ச் 1, லாஸ் வேகாஸ். ஒன்றரை மைல் வளையம், 134 சுற்று. கடைசிச் சுற்றுகளில் நான் உட்காரவில்லை, டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். ஜெயித்தார், வயது 21. உங்கள் மூன்று தேசியத் தொடர்களில் வெற்றி பெற்ற கறுப்பின ஓட்டுநர்கள் அதற்கு முன் இரண்டே பேர்: வெண்டல் ஸ்காட், பப்பா வாலஸ். 2025 மே மாதம் நாஷ்வில்லில் கரூத் மறுபடியும் ஜெயித்தார்.

இதற்கிடையே வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மோட்டார் விளையாட்டு மேலாண்மையும் படித்தார். அந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடும் போமன் கிரே மைதானத்தைச் சுற்றித்தான், 1949 முதல் உங்கள் வாராந்திரப் பந்தயங்கள் நடக்கும் கால் மைல் தடம் ஓடுகிறது. எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று.

ஆறே வருஷம். மேசையில் மாட்டிய ஸ்டியரிங்கிலிருந்து லாஸ் வேகாஸ் வெற்றி மேடை வரை. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். கப் தொடரில் ஜெயித்த பப்பா வாலஸ், கைல் லார்சன், டேனியல் சுவாரஸ் எல்லாரும் இதே திட்டத்தில் வந்தவர்கள். வில்லியம் பைரனும் சிமுலேட்டரில் தொடங்கியவர்தான். 2016இல் ட்ரக் தொடருக்குப் புதிதாக வந்த வருஷமே ஏழு வெற்றி, பிறகு 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு முறை உங்கள் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500இல் வெற்றி.

கதவு திறக்க நேரமானால் என்ன ஆகும் என்பதற்கும் ஒருவர் இருக்கிறார். டென்னசியைச் சேர்ந்த ஜாஷ் பெர்ரி வங்கியில் காசாளராக வேலை பார்த்தவர். புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரோடு ஐரேசிங்கில் பழக்கமாகி, அவருடைய அணியில் லேட் மாடல் ஓட்டினார். வருஷக்கணக்காக ஓட்டினார். 2020இல், உள்ளூர்த் தடங்களில் நடக்கும் உங்கள் வாராந்திரத் தொடரின் தேசிய சாம்பியன். 2021இல் ஒரு சில பந்தயங்களுக்கு மட்டும், கப்புக்கு ஒரு படி கீழான எக்ஸ்ஃபினிட்டி தொடரில் காரைக் கொடுத்தார்கள், மார்ட்டின்ஸ்வில்லில் ஜெயித்துக் காட்டினார். கப் தொடரில் முழு சீசன் கிடைத்தது 33 வயதில். 2025 மார்ச்சில் லாஸ் வேகாஸில் முதல் கப் வெற்றி. வுட் பிரதர்ஸ் அணியின் காரிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதே ராத்திரி கோபமும் வந்தது. இந்த மனிதரின் இருபதுகள் எங்கே போயின? எர்ன்ஹார்ட் ஜூனியர் அன்றைக்குக் கம்ப்யூட்டரில் உட்காராமல் இருந்திருந்தால்?

ஒருவரின் நல்ல மனசை நம்பி ஒரு விளையாட்டு நடக்கக் கூடாது. அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாராந்திரத் தொடரின் தேசிய சாம்பியனுக்கும், சிமுலேட்டர் தொடர்களில் முதலிடம் பெறும் இளைஞருக்கும், ஆண்டுதோறும் ஒரு முழு சீசன் இருக்கை கொடுங்கள். முன்னவருக்கு ட்ரக், பின்னவருக்கு லேட் மாடல். செலவு உங்களுடையது. ஸ்பான்சர் கொண்டுவா என்று யாரும் கேட்கக் கூடாது. கோப்பையும் காசோலையும் மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் காசோலை அடுத்த வருஷ டயருக்கே போய்விடும்.

2025இல், பிக்கப் ட்ரக் தயாரிக்கும் ராம் நிறுவனம் ட்ரக் தொடருக்குத் திரும்புவதாக அறிவித்து, போட்டி நிகழ்ச்சி ஒன்றின் வழியே ஓர் இருக்கையைத் தருவதாகவும் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் அது ஒரு கம்பெனியின் முடிவு. விற்பனை சரிந்தால் நின்றுவிடும். நான் கேட்கும் இருக்கை உங்கள் விதிப் புத்தகத்தில் அச்சாகி இருக்கவேண்டும், டயரும் பிட் ரோடும் பற்றிய விதிகள் இருக்கிற அதே புத்தகத்தில். 2025 தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு டிவி உரிமைக்காக மட்டும் 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு இருக்கைகளுக்கு ஆகும் செலவு எம்மாத்திரம்?

வெண்டல் ஸ்காட் 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். கோப்பையை வேறொருவர் கையில் கொடுத்தார்கள். அவருடைய குடும்பத்துக்கு நீங்கள் ஒரு கோப்பையைக் கொடுத்தது 2021இல், ஸ்காட் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து. தாமதமாகக் கொடுப்பது எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் ஒரு மாலை சம்மர் ஷூட்அவுட்டுக்கு வாருங்கள், மேலே கண்ணாடி அறைக்கு இல்லாமல் பிட் பகுதிக்கு. முடிவு எடுப்பதாக இருந்தால் செப்டம்பருக்குள் அறிவித்துவிடுங்கள். சீசன் முடிந்ததும், அக்டோபரில்தான் கார்கள் விற்பனைக்கு வரும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்
கான்கார்டு, வட கரோலினா