ஜூனில் கேட்காதீர்கள், ஆகஸ்டில் தருகிறோம்

குமரி மாவட்டக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. இருவரும் கட்டணப் பள்ளியில் படிக்கிறார்கள்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் காலை மகள் பாயை விட்டு எழவில்லை. "வயிறு வலிக்கும்மா, இன்னைக்கு போகல" என்றாள். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. "என்ன மக்கா, உள்ளதைச் சொல்லு" என்று தலையைத் தடவிய பிறகுதான் அழுதாள். பீஸ் கட்டாதவர்களின் பெயரை முந்தின நாள் வகுப்பில் வாசித்து எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பேர் நின்றார்களாம். ஏழும் கடப்புறத்துப் பிள்ளைகள்.

ஏன் அந்த ஏழு பேரும் ஒன்றாக நிற்க நேர்ந்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நம் மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை இரண்டு கணக்கில் வருகிறது. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரு பக்கத்துப் படகுகளும் ஒன்றாகக் கட்டிக் கிடப்பது ஜூனின் முதல் இரண்டு வாரத்தில்தான். அப்போது சின்னமுட்டத்து வீடுகளில் கையிருப்பு தீர்ந்திருக்கும், எங்கள் வீடுகளில் வருமானம் அன்றுதான் நின்றிருக்கும். பள்ளி திறப்பதும் அதே நாட்களில். கேரளத்துப் பக்கம் தொழிலுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் ஜூன் 9 இரவிலிருந்து ஜூலை 31 வரை டிராலிங், அதாவது இழுவலைத் தொழிலுக்குத் தடை. சின்ன நாட்டுப் படகான வள்ளங்களுக்குத் தடை இல்லை. ஆனால் இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழைக் கடலில் எத்தனை நாள் வள்ளம் இறக்க முடியும்?

தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீன் முட்டையிட்டுப் பெருகினால்தான் எங்களுக்கு அடுத்த வருடச் சோறு. தடைக்காலத்துக்கு அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. இந்த ஜூனில் முதல் தவணை பீஸ், சீருடை, நோட்டுக் கட்டு, ஷூ, வேன் என்று எங்கள் வீட்டில் கேட்கப்பட்டது 23,000. என் வளையல் இரண்டும் பணயத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டிலும் அதே கதை.

சீருடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளியிலேயே வாங்க வேண்டும், புதிதாக இரண்டு செட் வேண்டும் என்கிறீர்கள். ஜூன் மழையில் இரண்டு செட் காயவே காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, பிறகு ஃபேனுக்குக் கீழே விரித்து, ஈர வாடையோடுதான் மகனுக்குப் போட்டு அனுப்புகிறேன். போன வருடத்து உடுப்பு ஒன்று நல்ல நிலையில் பெட்டியில் இருக்கிறது. கோடு கொஞ்சம் மாறிவிட்டதால் அதைப் போடக் கூடாதாம். ஆகஸ்ட் வரையிலாவது அதை அனுமதியுங்கள். அதே துணியைக் கடையில் எடுத்து ஊர்த் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளவும் விடுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு நல்லதும் நடக்கிறது. வருடம் முழுக்கக் கடலில் கிடக்கிற மனுஷன் வீட்டில் இருக்கிறார். பிள்ளைகளைக் குடை பிடித்து வேன் வரும் முக்கு வரை கொண்டு விடுகிறார். மகன் அவர் மடியில் சாய்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். பெற்றோர் கூட்டத்தை ஜூலையில் வையுங்கள். எங்கள் ஊர் அப்பாக்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள். மற்ற மாதங்களில் நாங்கள் தாய்மார் மட்டும் வருவதைப் பார்த்து, அப்பாக்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் உங்களிடம் படிப்பார்கள். மழை பெய்யும் நாளில் அவர்களுக்கும் வேலை இல்லை. அவர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம் மாவட்டம், 91.75 சதவீதம். அதில் உங்கள் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு, நன்றியோடுதான் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளையை அடிப்பதோடு மன வேதனைப்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. பீஸுக்காக எழுந்து நின்ற என் மகளுக்கு வயது பதின்மூன்று.

பாக்கி இருந்தால் என் போனுக்குக் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புங்கள், நான் வந்து நிற்கிறேன். கடற்கரைப் பிள்ளைகளின் முதல் தவணைக்கு ஆகஸ்ட் கடைசி வரை நாள் கொடுங்கள். ஜூலை 31 நள்ளிரவு தாண்டினால் படகுகள் போய்விடும். மீன் கரைக்கு வந்து ஏலம் போய்ப் பங்கு கைக்கு வந்ததும், முதலில் பள்ளிக்குத்தான் வருவேன், வளையலை மீட்பது அப்புறம்.

இப்படிக்கு,
கடப்புறத்துத் தாய் ஒருத்தி