சம்பந்தியம்மாளும் நீல விளக்கும்

ஆசிரியருக்கு,

பேத்தி பிறந்த மூன்றாம் நாள் கண்வெள்ளை மஞ்சளானது; பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை. "வேலூர் வெயிலில் கால் மணி நேரம் காட்டுங்கள், போய்விடும்" என்றார் சம்பந்தியம்மாள். செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நான் கேட்பேனா? அன்றே மருத்துவமனைக்குப் போனோம்.

இரண்டு நாள் குழந்தை நீல விளக்கொளியில் கிடந்தாள். அந்த ஒளி, மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் என்ற நிறமியை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. கூடவே இரண்டு, மூன்று மணிக்கொருமுறை தாய்ப்பால். ஒளி படாமல் கண்ணை மறைக்கும் கண்கட்டு நழுவி மூக்கை அடைக்கிறதா என்று அந்த இளம் செவிலியர் இரவெல்லாம் விரலால் தொட்டுப் பார்த்தார். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்ததைக் கண்டதும் ஒரு செவிலியர்தான். (சம்பந்தியிடம் இதைச் சொல்லவில்லை!)

செவிலியர்களே, வீட்டுக்கு அனுப்பும்முன், குழந்தையின் நெற்றியை அழுத்திப் பகல் வெளிச்சத்தில் மஞ்சள் பார்க்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுங்கள். உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற செவிலியர்,
குடியாத்தம்