பூவில் தெளிக்காதீர்கள், சாடி மண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வீட்டுத்தோட்டக் கேள்வி பதில் பகுதியில், பூத்து நிற்கும் கஞ்சாச் செடியைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசு பறக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து செடி முழுக்கத் தெளியுங்கள் என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியைத் தயங்காமல் அச்சில் போட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பதில் தவறு, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் இந்தச் செடி நிற்கிறது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. 2018 ஒக்டோபர் 17 இலிருந்து கனடாவில் இது சட்டத்துக்கு உட்பட்டது, ஒன்ராறியோவில் 19 வயதானவர்கள் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம், வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் நான்குதான். என் கணவர் முதுகு ஒப்பரேஷனுக்குப் பிறகு கால் நரம்பு வலியால் இரவிரவாகத் தூங்காமல் கிடந்தவர். டொக்டரோடு கதைத்து, அவர் சரி என்ற பிறகுதான் பேஸ்மென்டில் செடி வளர்க்கும் கூடாரம் ஒன்று போட்டு இரண்டு செடி வைத்தோம். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு என்பதால் அந்த அறைக்கு எப்போதும் பூட்டுத்தான்.

போன வருடம் செப்டெம்பர் கடைசியில், பனி விழ முன்னர் மாமியின் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து, இடமில்லாமல் அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தோம். மூன்று வாரம் போயிருக்கும். தண்ணீர் விடப் போனால் மண்ணிலிருந்து புகை கிளம்பினாற்போலக் கொசு எழும்புகிறது. நுளம்பு இல்லை, கடிக்காது. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும், பறக்கவும் ஒழுங்காகத் தெரியாது, மண்ணோடு மண்ணாக ஓடித் திரியும். கடைகளில் இதற்கு ஃபங்கஸ் நாட் என்று பெயர். செடிகள் பூத்து நாலாவது வாரம், பூவில் பிசின் பிடிக்கத் தொடங்கிவிட்டது, அந்தப் பிசினில் இரண்டு மூன்று கொசு ஒட்டிச் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

உடனே ஒரு தோட்டக் கடைக்குப் போனேன். என்ன செடி என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, வீட்டுச் செடி என்று மட்டும் சொன்னேன். கடைக்காரப் பிள்ளை ஒரு தெளிப்புப் போத்தலை எடுத்துத் தந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தால், அலங்காரச் செடிகளுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் வெட்கப்பட்டு உண்மையைச் சொல்லாததால் கிட்டத்தட்ட அதைப் பூவில் அடித்திருப்பேன். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை.

தக்காளி என்றால் கழுவலாம், தோலை உரிக்கலாம். இந்தப் பூவை யாரும் கழுவுவதில்லை. அறுத்து, காயவைத்து, சூடாக்கி, நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். சாப்பிடும் பொருளில் இவ்வளவு பூச்சிமருந்து இருக்கலாம் என்று வைத்திருக்கும் அளவு மூச்சில் இழுப்பதற்குப் பொருந்தாது, ஏனென்றால் சூட்டில் மருந்து வேறொன்றாக மாறலாம். 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் கஞ்சாவே இங்கே திரும்பப் பெறப்பட்டது, மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி அதில் இருந்ததால். திராட்சைத் தோட்டங்களில் அடிக்கும் சாதாரண மருந்துதான், ஆனால் எரித்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். அதற்குப் பிறகுதான் பரிசோதனைகள் இறுக்கமாயின. வீட்டில் வளர்ப்பதை யார் பரிசோதிக்கப் போகிறார்கள்? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேப்பெண்ணெய் நம்முடைய பொருள், ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான், எனக்கும் அதில் மதிப்பு உண்டு. ஆனால் பூவின் பிசினில் எண்ணெய் படிந்தால் போகாது, மணமும் கசப்பும் அப்படியே நிற்கும், அதையும் சேர்த்துத்தான் நுரையீரலுக்குள் இழுக்க வேண்டிவரும். பூக்கொத்து ஈரமானால் சாம்பல் பூஞ்சை பிடித்து உள்ளேயிருந்து அழுகும், அது வேறு. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு தெளித்தாலும் கொசு போகாது! ஏனென்றால் அதன் குடும்பம் இருப்பது மண்ணில்.

பறக்கும் கொசு ஒரு கிழமை அளவுதான் உயிரோடு இருக்கும். அதற்குள் ஒரு பெண் கொசு ஈர மண்ணின் மேல்பரப்பில் நூறுக்கு மேல் முட்டை இட்டுவிடும். சில நாளில் பொரிக்கிற புழு இரண்டு கிழமை போல மண்ணுக்குள் பூஞ்சையையும் மக்கலையும் வேர்மயிரையும் தின்று, பிறகு கூட்டுப்புழுவாகிக் கொசுவாக மேலே வரும். அறைச் சூட்டில் முட்டையிலிருந்து கொசு வரை மூன்று நாலு கிழமை. கொஞ்சப் புழு இருந்தால் வளர்ந்த செடி தாங்கும். பெருகினால் வேரில் காயம் பட்டு, அந்தக் காயத்தால் வேரழுகல் நோய் புகும், பூக்கும் காலத்தில் செடிக்கு அதிலிருந்து மீள நேரம் இல்லை.

எனக்கு இதெல்லாம் புரிந்தது ஒரு உருளைக்கிழங்குத் துண்டால். ஒரு விரல் தடிப்பில் வெட்டி, வெட்டிய பக்கம் மண்ணில் பதிய வைத்துவிட்டு மூன்றாம் நாள் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி நூல்போலப் புழுக்கள், உள்ளே தின்றது வெளியே தெரிகிற அளவுக்கு மெல்லிய உடம்பு, நுனியில் கடுகை விடச் சின்னதாகப் பளபளக்கும் கறுப்புத் தலை. எண்ணினேன், கஞ்சாச் சாடியில் ஐந்து, மாமியின் கறிவேப்பிலைச் சாடியில் இருபதுக்கு மேல். கொசு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மாமிக்கு அது பெரிய மனவருத்தம், தன் சாடியால் மகனின் மருந்து கெட்டுப்போகுமோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் செய்ததெல்லாம் மண்ணில்தான். முதலில் தண்ணீரைக் குறைத்தேன், மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்து, சாடியைத் தூக்கினால் லேசாக இருந்தால்தான் தண்ணீர், அதுவும் அடித்தட்டில் ஊற்றி, செடி உறிஞ்சியது போக மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். மஞ்சள் ஒட்டு அட்டையை நறுக்கிப் பூவில் படாதபடி மண்ணுக்குச் சற்று மேலே படுக்கையாக வைத்தேன். அது பறக்கும் கொசுவைத்தான் பிடிக்கும், ஆனால் தொகை கூடுகிறதா குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க உதவும். ஒரு சின்ன மின்விசிறி மண்பக்கம் காற்று வீசினால் அவை இறங்கி முட்டையிடுவது கடினம்.

புழுவுக்கு நான் நம்புவது பி.டி.ஐ. (Bti) என்கிற பக்டீரியா. 1976 இல் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்தது, நுளம்புப் புழுவைக் கொல்ல நீர்நிலைகளில் போடுவதும் இதுதான். புழு இதைத் தின்றால் அதன் குடலின் காரத்தில் நஞ்சு கரைந்து குடலை உடைத்துவிடும், மனிதர் வயிற்றில் அப்படி நடக்காது. பெயரைக் கவனித்து வாங்குங்கள், கோவாப் புழுவுக்கு விற்கும் பி.டி.கே. (Btk) இந்தக் கொசுவுக்கு வேலை செய்யாது. லேபிளில் பி.சி.பி. (PCP) என்று போட்டிருக்கும் கனடாப் பூச்சிமருந்துப் பதிவு எண்ணும், கஞ்சாவுக்குப் பாவிக்கலாம் என்ற வரியும் இருக்க வேண்டும். முட்டையையும் கூட்டுப்புழுவையும் அது தொடாது என்பதால் லேபிளில் உள்ள இடைவெளிப்படி திரும்பத் திரும்ப மண்ணில் ஊற்ற வேண்டும், ஒருமுறை ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

கறிவேப்பிலைக்கு நூற்புழு வாங்கினேன், நெமட்டோட் என்று விற்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புழு, ஸ்டெய்னெர்னெமா ஃபெல்டியே என்ற வகை. பிரிட்ஜில் வைத்திருந்து, தண்ணீரில் கலக்கி, வெளிச்சம் இல்லாத நேரம் ஈர மண்ணில் ஊற்ற வேண்டும், அவை கொசுப் புழுவுக்குள் புகுந்து கொன்றுவிடும். கஞ்சாச் சாடிக்கும் அது நல்லதுதான். சிலர் ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றச் சொல்கிறார்கள். அது மண்ணிலுள்ள நல்ல உயிர்களையும் சேர்த்துக் கொல்லும், ஊற்றிய நூற்புழுவையும் விடாது, நான் அதைத் தொடவில்லை.

ஐந்து கிழமை எடுத்தது. முதல் கிழமை ஒரு அட்டையில் அறுபது கொசு, அறுவடைக்கு முந்திய கிழமை இரண்டு. கொசு ஒட்டியிருந்த பூக்கொத்துகளை வெட்டி எறிந்துவிட்டேன், அதில் எனக்குக் கவலை இல்லை.

தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். இன்னும் இரண்டு கிழமையில் ஸ்காபரோ முழுக்கக் கறிவேப்பிலையும் மல்லிகையும் உள்ளே வரப்போகின்றன. கேள்வி கேட்ட வாசகர் இன்னும் தெளிக்காமல் இருந்தால் நல்லது. தெளித்துவிட்டார் என்றால் எண்ணெய் பட்ட பூவைப் பாவிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், செடி போனால் இன்னொன்று வளர்க்கலாம்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஸ்காபரோ