சங்க நிர்வாகிகளுக்கு: முதலில் ஆர்.சி.சி.பி., பிறகு பெயின்ட்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மழை விட்ட காலையில் மோட்டார் ரூம் கிரில் கதவில் நடந்தது உங்கள் மூவருக்கும் தெரியும். பெருக்கித் துடைக்கும் அக்கா ஷாக் அடித்துத் தூக்கியெறியப்பட்டு, முழங்கை வீக்கத்தோடு தப்பித்தார். அன்று மாலையே "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்று லேமினேட் செய்த அட்டையும் மாட்டிவிட்டீர்கள். நன்றி. தரை துடைப்பவருக்குக் கை எப்போது காயும் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கலாம்.

அந்த அட்டைக்கு முன்பிருந்தே அங்கே வேறொரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. சுவிட்சுக்கு நேர் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. வாட்ச்மேன் பெரியவர் அதில் காலை நுழைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்கேலால் சுவிட்சைத் தட்டித்தான் மோட்டார் போடுகிறார். கேட்டால், "லேசா கிள்ளும் சார், பழகிடுச்சு" என்கிறார். எழுபதை நெருங்கும் மனிதர் கரண்டுக்குப் பழகியிருக்கிறார். தண்ணீர் நமக்கு.

"எம்.சி.பி. இருக்கிறதே" என்றார் செயலாளர். இருக்கிறது, கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், 32 ஆம்பியர். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைக் காப்பாற்ற அல்ல. எர்த் ரெசிஸ்டன்ஸ், அதாவது கசிவு மண்ணுக்குள் இறங்கும் வழியின் தடை, 20 ஓம் என்று வைத்தாலும், 230 வோல்ட்டில் கசிவது 11 ஆம்பியர் சொச்சம். எம்.சி.பி. அசையாது, இரும்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. அப்படியல்ல. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே வீட்டு இணைப்புகளுக்கு இந்த 30 மில்லிஆம்பியர் வரம்பைச் சொல்லிவிட்டன. எர்த் குழியின் நிலைமையைச் சொல்லலாமென்றால், அதன் மூடிமேல் குரோட்டன்ஸ் தொட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கேட்பது இதுதான்: பொது மீட்டர் போர்டில் ஆர்.சி.சி.பி. போடுங்கள், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பாருங்கள். சில ஆயிரத்தில் முடிகிற வேலை. "ஃபண்ட் இல்லை" என்கிற சங்கம்தான் லாபிக்கு கிரானைட் போட்டது, இப்போது வெளிச்சுவருக்கு டெக்ஸ்சர் பெயின்ட் கொட்டேஷன் வாங்கியிருக்கிறது.

சங்கத்தை மட்டும் சொல்வானேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதே அது முதலில் தொடட்டும் என்றுதான். நாம் அதை இரண்டு பின் அடாப்டரில் சொருகித் தொங்கவிடுவோம். நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில், பிரின்டர், நாலு சார்ஜர். பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி வைத்துச் செருகும் வித்தை வேறு எந்த ஊரில் உண்டோ தெரியவில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். வரும் ஞாயிறு கூட்டத்தில் பெயின்டுக்கு முன்னால் ஆர்.சி.சி.பி.யை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி அடைமழைக்கு முன் வேலை முடிய வேண்டும். போட்ட பிறகு மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

அதுவரை மோட்டார் போட நிர்வாகிகள் மூவரும் முறை வைத்துக்கொண்டால் பெரியவருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவன்