கோப்பை போன பிறகும் டர்ஃப் நனைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. முதல் முறையாக 24 அணிகள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிக் கிடந்த நம் பையன்கள், கடைசி 15 நிமிடத்தில் 4 கோல் போட்டு ஜெயித்தார்கள். உலகத்தையே நம் வீட்டுக்கு அழைத்துப் பந்தி வைத்து, நம் பிள்ளைகளும் கையில் பதக்கத்தோடு நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? நிமிரத்தான் வேண்டும். அந்தப் பெருமை எங்களுக்கும் முழுதாக உண்டு. அந்த உரிமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். பந்தி முடிந்தது. இலை எடுத்தாயிற்று. விருந்து நடந்த கூடத்தை இனி யார் பெருக்குவது?

ஹாக்கியில் கூடம் என்றால் டர்ஃப், அதாவது செயற்கை இழை விரித்த ஆடுதரை. போட்டிக்கு முந்தின நாள் வெளிநாட்டு அணியின் பயிற்சியாளர் மைதானத்துக்குள் வந்ததும் கேலரியையோ மின்விளக்கையோ பார்ப்பதில்லை. குதிகாலால் தரையை நாலைந்து இடத்தில் அழுத்திப் பார்ப்பார். ஒரு பந்தை எடுத்து, கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் வட்டத்தின் உச்சியிலிருந்து கோல் கோட்டை நோக்கி மெதுவாக உருட்டிவிடுவார். பந்து கோடு கிழித்த மாதிரி நேராகப் போகிறதா, நடுவில் எங்காவது நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பார். நம் நாட்டைப் பற்றிய அவருடைய முதல் கருத்து அந்தப் பந்தோடு சேர்ந்து உருளுகிறது.

டர்ஃபுக்கும் நம் மானத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிக்கொண்டிருந்த இந்தியா அந்த ஆண்டு 7-ஆம் இடத்துக்குப் போனது. ஐரோப்பியப் பையன்கள் பள்ளி வயதிலேயே டர்ஃபில் பழக, நம்மவர்கள் புல்லிலும் மண்ணிலும் கற்றுக்கொண்டு பெரிய போட்டிக்குப் போய்த்தான் டர்ஃபை மிதித்தார்கள். 1980-ல் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு டோக்கியோ வரை, அதாவது 41 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆட நல்ல தரை போதாமல் போனதும் அதில் ஒன்று என்பதை ஹாக்கி தெரிந்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

கால்பந்து டர்ஃபில் இழைகளுக்கு நடுவே மணலும் ரப்பர் துகளும் நிரப்புவார்கள். சர்வதேச ஹாக்கி நடக்கும் டர்ஃபில் அப்படி எதுவும் கிடையாது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டை இழைகள் நெருக்கமாக நிற்கும். அவற்றுக்கு இடையில் இருக்க வேண்டியது தண்ணீர் மட்டுமே. ஈரம் இருந்தால் பந்து தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்தால் இழையில் உரசித் துள்ளும். மட்டையைத் தாழ்த்தி நிற்கும் தடுப்பாட்டக்காரரின் முழங்காலுக்கோ முகத்துக்கோ ஏறும். சறுக்கி விழுந்து தடுப்பவருக்குத் தோல் உரியும். காய்ந்த இழை ஷூவைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. கணுக்காலும் முழங்காலும் போவது அப்படித்தான். தண்ணீர் இல்லாமல் தொடர்ந்து ஆடினால் டர்ஃபுக்கும் கேடு. இழை சூடேறி, உரசலில் நுனி பிரிந்து, ஒரே பக்கமாகப் படுத்துவிடும். படுத்த இழையை நிமிர்த்துவது பெரும் பாடு.

தண்ணீர்க் கணக்கு இது. ஆடுகளம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே ஓடுவதற்கு விடும் பகுதியையும் சேர்த்தால் 6,000 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 1 லிட்டர் தேவை. 3 மில்லிமீட்டர் நனைய வேண்டுமென்றால் மொத்தம் 18,000 லிட்டர். அதை மதியமே அடித்து வைத்துவிட முடியாது. மதுரை வெயிலில் ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி ஆவியாகிவிடும். விசிலுக்கு முந்தைய 10 நிமிடத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளுகிற மோட்டார், அதற்கு ஈடு கொடுக்கிற குழாய், சுற்றிலும் தண்ணீரை மழைபோல் தூரமாகப் பீய்ச்சும் 6 அல்லது 8 ரெயின் கன் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இடைவேளையில் இன்னொரு தடவை, முன்பு அடித்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஆக ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 24,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் 2 லோடு. ஒரே நாளில் 4 ஆட்டம் என்றால் 96,000 லிட்டர் சம்பில் தயாராக நிற்க வேண்டும்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காகப் போட்ட டர்ஃப், அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் விரித்த அதே ரகம். கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருளில் செய்தது, முன்பைவிடக் குறைந்த தண்ணீர் போதும் என்பது அதன் சிறப்பு. ஆனாலும் தண்ணீரே வேண்டாம் என்று ஆகிவிடாது. உலக அளவில் தண்ணீர் தேவைப்படாத டர்ஃபுக்கு மாற வேண்டும் என்று சர்வதேச ஹாக்கி சம்மேளனம் முயன்று வருகிறது. அது பரவலாக வரும்வரை நம்மிடம் இருப்பவை எல்லாம் நனைந்தால்தான் உயிரோடு இருக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம் வேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரை அடித்தால் காய்ந்ததும் இழையின் அடியில் வெள்ளை படியும், தரை சொரசொரப்பாகும். ரெயின் கன்னின் வாயிலும் அதே படிவுதான் அடைக்கும். 8-ல் ஒன்று அடைத்தால் அந்த மூலை மட்டும் காய்ந்து கிடக்கும். முழு மைதானமும் காய்ந்திருந்தால்கூட ஆட்டக்காரர் அதற்கேற்ப ஆடிக்கொள்வார். ஓடி வந்த வேகத்தில் ஈரத்திலிருந்து வறண்ட மூலைக்குள் கால் வைப்பதுதான் ஆபத்து. தண்ணீர் அடிக்கும்போது நடுவில் மின்சாரம் போனாலும் இதே கதி. ஆகவே ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும் போதாது, மோட்டாருக்கும் வேண்டும். சென்னையில் பிற்பகல் கடற்காற்று வீசினால் சாரல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அனுபவமுள்ள பணியாளர் காற்று வரும் திசையில் இருக்கும் கன்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிடுவார். இதைத் தெரிந்து செய்கிற ஆளைப் போட்டி முடிந்த மறுநாளே ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டால், அவரோடு அந்த அறிவும் போய்விடும்.

தடுக்கும் அணி வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரை அருகில் போய்ப் பார்த்தால் பராமரிப்பு என்றால் என்ன என்று புரியும். பந்தைத் தள்ளிவிடுபவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் நிற்கிறார். பந்து போய்ச் சேர வேண்டிய இடம் 14.63 மீட்டர் வட்டத்தின் உச்சிக்குச் சற்று வெளியே. குறுக்காக அளந்தால் ஏறக்குறைய 19 மீட்டர். அங்கே ஒருவர் மட்டையைத் தரையில் படுக்க வைத்துப் பந்தை நிறுத்த வேண்டும். பக்கத்தில் டிராக் ஃபிளிக் அடிப்பவர், அதாவது பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலுக்கு அனுப்புபவர், ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார். டர்ஃப் ஒரே விரிப்பாக வருவதில்லை. பல சுருள்களாக வந்து, அடியில் பட்டை ஒட்டி இணைக்கப்படுகிறது. அந்த 19 மீட்டரில் ஓர் இணைப்பு ஒரு நூல் அளவு வாய் பிளந்திருந்தாலும் பந்து எகிறும்; நிறுத்துபவர் தவறவிடுவார்; கார்னர் வீண். அர்ஜென்டினாவுக்கு எதிரான அந்த 4 கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் பிறந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இணைப்புகள் பிளப்பதற்குப் பல நேரம் நாமே காரணம். பாசியைக் கழுவுகிறேன் என்று பிரஷர் வாஷரை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் தண்ணீர் பட்டைக்குள் புகுந்து பசையைக் கிளப்பிவிடும். சாய்வாக, எட்டத்திலிருந்து பிடிக்க வேண்டும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. அகலமான டயர் உள்ள இலகு வண்டியில் மென்மையான பிரஷ்ஷைக் கட்டி, வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில் இழுக்க வேண்டும். கேலரி நிழல் விழும் பக்கம் பாசி முதலில் பிடிக்கும். பச்சை தெரிந்த பிறகு அல்ல, தெரியும் முன்பே மருந்து அடிக்க வேண்டும். உதிர்ந்த இலையை அன்றன்றைக்கே அள்ளாவிட்டால் மக்கி, மண்ணாகி, இழைக்குள் இறங்கி வடிகாலை அடைத்துவிடும். சுற்றிலும் ஓடும் வடிகாலை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே தூர் வார வேண்டும். தேங்கிய தண்ணீர், டர்ஃபுக்கு அடியில் அதிர்வைத் தாங்க விரித்திருக்கும் ஷாக் பேடை உப்பவைக்கும். சூயிங் கம் ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. ஐஸ் வைத்து இறுகவிட்டு, உடைத்து எடுக்க வேண்டும்.

பயிற்சியாளர்களும் ஒரு காரியம் செய்யலாம். தினமும் ஒரே கோல் பக்கம், ஒரே புள்ளியில் நின்று பையன்கள் நூற்றுக்கணக்கில் டிராக் ஃபிளிக் பழகினால், மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க அந்த ஒரு முழம் மட்டும் மொட்டையாகிவிடும். வாரம் ஒரு பக்கம் என மாற்றினாலே டர்ஃபின் ஆயுள் கூடும்.

எங்களுக்கு அதிகம் வலிக்கிற விஷயம் வேறு. போட்டி முடிந்த மைதானத்தை விழாத் திடலாக நினைப்பது. காலி மைதானம்தானே என்று ஷாமியானா போடுவார்கள்; இரும்பு நாற்காலி பரப்புவார்கள்; மேடைக்குச் சாமான் ஏற்றிய வண்டி கோல் வட்டத்துக்குள்ளேயே வந்து திரும்பும். நாற்காலிக் கால் பதிந்த இடத்தில் ஷாக் பேட் அமுங்கினால் பழைய நிலைக்கு வராது. பட்டாசுப் பொறி ஒன்று விழுந்தால் இழை உருகிக் கட்டியாகும். நாட்டுப்பற்று விழாவே ஆனாலும் கொடிமரத்தைக் கோட்டுக்கு வெளியே, டர்ஃபுக்கு அப்பால் நடுங்கள். நாடுகளை அழைத்து ஆடவைத்த தரையைச் சேதமின்றி வைத்திருப்பதும் கொடிக்குச் செய்யும் மரியாதைதான்.

சர்வதேசப் போட்டிக்குச் செலவிடுவது வீண் என்று சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. எழும்பூர் 1996-லும் 2005-லும் சாம்பியன்ஸ் டிராபியை நடத்தியது. 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென்கொரியாவை 7-2 என்று வென்றதும், 2023-ல் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று மீண்டதும் அதே திடலில்தான். பெரிய போட்டி வரும் என்பதால்தான் டர்ஃப் மாற்றப்படுகிறது. மதுரைக்கு சர்வதேசத் தரத்தில் மைதானம் கிடைத்ததும் உலகக் கோப்பையால்தான். போட்டி இல்லையென்றால் இவ்வளவு பணம் ஹாக்கி பக்கம் வந்திருக்காது. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டாலே டர்ஃபின் ஆயுள் 8 முதல் 10 ஆண்டு. பார்க்காவிட்டால் நாலைந்து ஆண்டிலேயே தரை கட்டாந்தரையைவிட மோசமாகும். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு உறுதியாகிவிட்டது. அங்கும் எந்த விளையாட்டுக்குப் புதுத் திடல் எழுந்தாலும், கட்டுமான ஒப்பந்தத்தோடு சேர்த்து 10 ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கி எழுதிவிட வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கம் பையன்கள் மண் தரையிலேயே மட்டையைப் பிடித்து வளர்கிறார்கள். அங்கிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணி வரை போனார். அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் போனார். மண்ணில் பந்து துள்ளும் என்று பழகிய கை மட்டையை உயர்த்தியே வைத்திருக்கும். டர்ஃபில் பந்து அடியில் நழுவிப் போய்விடும். அந்தப் பழக்கத்தை மாற்ற வாரம் 2 முறையாவது, மாதக்கணக்கில் டர்ஃபில் ஓட வேண்டும். ஆகவே மதுரை, சென்னை இரண்டிலும் அரசுப் பள்ளி மாணவருக்கும் மாணவியருக்கும் கட்டணமில்லாமல், நேரம் குறித்து இடம் கொடுங்கள். அதிகாலையும் மாலையும் சரி. மதிய வெயிலில் வேண்டாம். பயிற்சிக்கு 18,000 லிட்டர் தேவையில்லை, ஆடும் பாதியை மட்டும் லேசாக நனைத்தால் போதும். ஆணி வைத்த ஷூவுக்கு அனுமதி கூடாது. டர்ஃப் ஷூ வாங்க முடியாத பிள்ளைகளுக்காக வாசலிலேயே அளவு வாரியாக 40 ஜோடி வைத்திருந்தால் ஒருவரையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

மைதான வாசலில் ஒரு கரும்பலகையும் வேண்டும். கடைசியாக பிரஷ் போட்ட தேதி, சம்பு கழுவிய தேதி, ரெயின் கன் 8-ல் இன்று எத்தனை ஓடுகிறது, இன்று மாலை எந்தப் பள்ளிக்கு நேரம் என்று தினமும் சாக்பீஸால் எழுதிப் போடட்டும்.

இப்படிக்கு,
ஹாக்கி மைதானப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மதுரை.