தெரிந்த பாட்டு வராத ராத்திரி

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி, வீட்டுக் கடன், மகள் பேஸ் கிட்டார் வகுப்பில் சேர்ந்தது எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் யோ லா டெங்கோ என்ற அந்த மூன்று பேர் ராக் குழு. பரவாயில்லை, எனக்கும் அதுதான் வேண்டும். மகள் பேஸ் எடுத்தது நல்ல செய்தி, எல்லாரும் கிட்டாருக்கே ஓடும்போது பேஸ் வாசிக்கத் தெரிந்தவளை எந்தக் குழுவும் லேசில் விடாது. அந்தக் குழுவில் பேஸ் வாசிக்கிற ஜேம்ஸ் மெக்நியூவை அவளுக்குப் போட்டுக் காட்டு. ஐரா காப்லன் பக்கத்தில் கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடாத ஆட்டமெல்லாம் ஆடிக்கொண்டிருப்பார், இந்த மனிதர் நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நகராமல் நிற்பார். கேட்கச் சுலபமாக இருக்கும். வாசித்துப் பார்த்தால்தான் தெரியும், மூணாவது நிமிஷத்திலேயே கை தானாக அலங்காரம் பண்ணத் தொடங்கிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் நியூயார்க் பக்கம் வரும்போது அவர்களுடைய ஹனுக்கா கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு, ரசிகர்கள் சொல்கிற புகார்களையும் வக்கீல் மாதிரி அடுக்கியிருக்கிறாய். தெரிந்த பாட்டை வாசிக்க மாட்டார்கள். வாசித்தாலும் ரெக்கார்டில் இருப்பது மாதிரி வராது. கால் மணி நேரம் கிட்டார் இரைச்சல். கச்சேரி முடிந்ததும் கைதட்டலுக்காக என்கோருக்குத் திரும்பி வந்து அடுத்தவன் பாட்டைப் பாடிவிட்டுப் போய்விடுவார்கள். இதெல்லாம் அபாண்டம் என்று நான் சொல்லப்போவதில்லை, எல்லாமே நடக்கிறதுதான். இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்தான் நமக்குள் தகராறு.

2011 சுற்றுப்பயணத்தில் அவர்கள் செய்ததை முதலில் சொல்கிறேன், உன் கட்சிக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. மேடையில் பெரிய சக்கரம் ஒன்றை வைத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுச் சுழற்றச் சொல்வார்கள், முள் எதில் நிற்கிறதோ அதுதான் முதல் பாதி. ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும் பாட்டுகள் மட்டும், ரசிகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வாசிப்பது, இப்படிப் பல கட்டங்கள். அதில் ஒன்று நாடகம். ஷிகாகோவில் முள் அங்கே போய் நின்றது. மூன்று பேரும் 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரின் ஒரு எபிசோடை மேடையில் நடித்துக் காட்டினார்கள், அதுவும் உணவகத்தில் மேஜைக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்களே, அந்த எபிசோடு. பாட்டுக் கேட்க வந்த ஜனம், மேஜை கிடைக்காமல் காத்திருப்பவர்களைப் பார்த்தபடி தானும் காத்திருந்தது! இரண்டாம் பாதியில் வழக்கமான கச்சேரி உண்டு என்பது வேறு விஷயம். இன்று வரை இதை வைத்து ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள், காசை வாங்கிக்கொண்டு கிண்டல் பண்ணினார்கள் என்று ஒரு கோஷ்டி, அன்றைக்கு அங்கே இல்லாமல் போனோமே என்று இன்னொரு கோஷ்டி. நான் எந்தக் கோஷ்டி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, அதே சக்கரத்தை இன்னொரு வருஷம் கொண்டுவந்திருந்தால் நானும் முணுமுணுத்திருப்பேன்.

அப்புறம், ரசிகனை மதிக்கிற குழு ஒவ்வொரு ராத்திரியும் ஒரே தரத்தில் வாசிக்க வேண்டும் என்கிறாய். அதற்கு நேர் எதிர் உதாரணமாக ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற ராக் குழுவைக் காட்டுகிறாய். அவர்கள் கதை வேறு. போதையில் மேடை ஏறுவார்கள், ஒரு பாட்டைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு வேறு எதற்கோ தாவுவார்கள். 1984இல் ஓக்லஹோமா சிட்டியில் ரசிகர் ஒருவர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த டேப்பை அவர்கள் ஆட்களே பிடுங்கி, அடுத்த வருஷம் கேசட்டாகவே வெளியிட்டார்களே, அதைக் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் அலுப்பும் வரும். எவனும் யாரையும் கேட்டுக்கொண்டு வாசிக்கவில்லை. யோ லா டெங்கோ தடுமாறுவது அப்படியில்லை. நியூ ஜெர்சியில் டபிள்யூ.எஃப்.எம்.யூ. என்று ஒரு வானொலி இருக்கிறது, விளம்பரமே இல்லாமல் நேயர்கள் கொடுக்கும் பணத்தில் ஓடுவது. அதன் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, நன்கொடை தருகிறவர் கேட்கும் பாட்டை ஒத்திகை எதுவும் இல்லாமல் அப்போதே வாசிப்பார்கள். வரிகள் மறந்துபோகும், சுருதி எங்கேயோ போகும். அப்படிச் சொதப்பியதையெல்லாம் தொகுத்து 2006இல் ஒரு ஆல்பமாகவும் போட்டார்கள். அதில் கவனித்துக் கேட்டுப் பார். ஐரா கிட்டாரில் அடுத்து எந்தச் சுரக்கூட்டு என்று தெரியாமல் முழிக்கிற அந்த ஒரு நொடியில், ஜார்ஜியா ஹப்லி டிரம்ஸில் தாளத்தை விடாமல் அப்படியே நீட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பார். விழுகிறவனைப் பிடிக்க ஆள் இருக்கிற தடுமாற்றம் அது.

ஒரு ராத்திரி நன்றாக இருந்ததா என்று பார்க்க எனக்கு இருக்கிற அளவுகோல் இது ஒன்றுதான். எந்தப் பாட்டு வந்தது, எது விடுபட்டது என்று செட்லிஸ்டை, அதாவது அன்றைய பாட்டுப் பட்டியலை, படம் எடுத்து வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களை எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்களா? பெரிய அரங்கத்தில் அதைப் பார்க்க முடியாது, திரையில் காட்டுவதைத்தான் பார்க்கலாம். கிளப்பில் கண்ணுக்கு நேரே தெரியும். நீண்ட இரைச்சல் வரும் இடத்தில் நான் ஐராவைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், ஜார்ஜியாவைப் பார்க்கிறேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் முன்னால் குனிந்து, அதிலிருந்து வரும் ஃபீட்பேக் ஊளையை இழுத்துக்கொண்டிருக்கும் ஐராவின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணிக்கை எதுவும் கிடையாது. தோள் லேசாக இறங்கும், இவர் ஒரு அடி கொடுப்பார், மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாட்டுக்குள் திரும்பி வந்திருப்பார்கள். 1992 வாக்கிலிருந்து இந்த மூவர்தான் வாசிக்கிறார்கள், அதில் ஐராவும் ஜார்ஜியாவும் புருஷன் பெண்டாட்டி, அந்தப் பழக்கம் இல்லாமல் இது வராது. இரைச்சல் தொடங்கியதும் பார் பக்கம் நகர்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் ஞாபகம்தான் வரும் எனக்கு.

பாட்டுக் குரலே கேட்கவில்லை என்று பாதிப் பேரும், அற்புதமாகக் கேட்டது என்று மீதிப் பேரும் ஒரே கச்சேரியைப் பற்றிச் சொல்கிறார்களே, யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரையும் நம்பு. சின்ன கிளப்பில் நீ நிற்கிற இடம்தான் நீ கேட்கிற கச்சேரி. டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் மேடையிலிருந்து நேராகவே அடிக்கும், ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்ஸரில் இருப்பவர் அதைக் கூட்டலாமே தவிர, மேடையில் இருந்து வருவதைவிடக் குறைக்க முடியாது. குரல் மட்டும்தான் முழுக்க ஸ்பீக்கரை நம்பி இருக்கிறது, அந்த ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு ஓரத்திலும் இருந்துகொண்டு பின்வரிசையைப் பார்த்துப் பேசும். முதல் வரிசையில் நடுவில் முண்டியடித்து நிற்கிறவனுக்கு ஐராவின் ஆம்ப் நெஞ்சிலேயே இடிக்கும், ஜார்ஜியாவின் குரல் தலைக்கு மேலே போய்விடும். அவர் குரலே மெல்லிசு, கத்திப் பாடுகிற பழக்கம் கிடையாது. சுவர் ஓரமாக நின்றால் பேஸ் குமுறும். மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் நில், அல்லது அதற்கு ஓரிரு அடி முன்னால். அந்த ஆள் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் மொத்த அறைக்கும் அனுப்புகிறார்.

இங்கேதான் எனக்கும் உன் புகார்க் கோஷ்டிக்கும் ஒத்துப்போகிற ஒரே இடம் வருகிறது. 2000இல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு நியூ ஜெர்சியில் இருக்கிற ஹோபோகன் ஊரைப் பற்றியது, பதினேழு நிமிஷத்துக்கு மேல், பெரும்பாலும் முணுமுணுப்பு. அந்த மாதிரி பாட்டு தொடங்கும்போது பின்னாலிருந்து ஒருவன் தன் ஆபீஸ் கதையைச் சொல்லத் தொடங்குவான் பார், அதைவிடக் கொடுமை கிடையாது. போன முறை எனக்கு முன்னால் ஆறடி உயரத்தில் ஒருவர், பாட்டு முழுவதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் பார்த்ததெல்லாம் அவர் போன் திரையில் குட்டியாகத் தெரிந்த ஜார்ஜியாவைத்தான். குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், 2013 பயணத்தில் கச்சேரியையே இரண்டாகப் பிரித்து, முதல் பாதி அமைதி, இரண்டாம் பாதி முழு சத்தம் என்று வைத்தார்கள். சத்தத்துக்காக வருகிறவர்கள் தாமதமாக வரட்டும் என்கிற கணக்கோ என்னவோ. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, மெல்லிய பாட்டுக்கு அடுத்த நொடியே கூரை இடிகிற மாதிரி ஒன்று வருவதில்தான் இவர்களுடைய ருசியே இருக்கிறது.

இப்போது ஹனுக்கா. யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகை, தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும், அதனால் உன் பயணத் தேதியை முதலில் சரிபார். 2001இல் ஹோபோகனில் மேக்ஸ்வெல்ஸ் என்ற இடத்தில் தொடங்கினார்கள். ஒரு உணவகத்தின் பின்னறை, சுமார் இருநூறு பேர் நிற்கலாம், அவ்வளவுதான். எட்டு ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு பாட்டுகள், முதலில் யார் வாசிக்க வருவார்கள் என்பது கதவு திறக்கும் வரை ரகசியம், நடுவில் ஒரு நகைச்சுவைக் கலைஞர், வசூல் தர்மத்துக்கு. என்கோரில் பெரும்பாலும் யூதப் பாடலாசிரியர்கள் எழுதிய பாட்டுகள், அடுத்தவன் பாட்டு என்று நீ குறைப்பட்டாயே, அதற்கு அங்கே ஒரு காரணமே இருக்கிறது. கடைசி ராத்திரியில் ஐராவின் அம்மாவே மேடை ஏறிப் பாடியதும் உண்டு. 2013இல் மேக்ஸ்வெல்ஸ் மூடப்பட்டது. 2017இல் மன்ஹாட்டனில் பவரி பால்ரூமில் மறுபடி தொடங்கினார்கள், அது ஐந்நூறு பேருக்கு மேல் கொள்ளும். பழைய ஆட்கள் சிலருக்கு இதிலும் மனக்குறை, அந்தப் பின்னறை நெருக்கம் போய்விட்டதாம். போய்விட்டதுதான். ஆனால் இருநூறு பேர் அறையில் அவர்களுக்கு டிக்கெட் கிடைத்தது, உனக்கும் எனக்கும் கிடைத்திருக்காது, அதைப் பற்றி அவர்கள் வாயே திறப்பதில்லை.

உன் வாதத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். எட்டு ராத்திரியும் வேறு வேறு பாட்டு என்பது, நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பவனுக்கு விருந்து. விமானம் ஏறி வந்து ஒரே ஒரு ராத்திரி பார்க்கிறவனுக்கு அது சீட்டுக் குலுக்கல். அவன் ஆசைப்பட்ட பாட்டு முந்தின நாள் வந்துவிட்டிருக்கலாம், மறுநாள் வரலாம். அந்த ஏமாற்றம் நியாயம்தான், அதை 'உண்மையான ரசிகன் இப்படிப் பேச மாட்டான்' என்று மட்டம் தட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் அதற்காக அவர்கள் எட்டு ராத்திரியும் அதே பத்துப் பாட்டை வாசித்தால் யாருக்கு லாபம் சொல்? அதற்கு வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டைக் கேட்டால் போதும், முட்டியும் வலிக்காது.

அதனால் டிக்கெட் எடு. அவர்களுடைய பிரபலமான 'ஆட்டம் ஸ்வெட்டர்' பாட்டு வரும் என்று மகளிடம் சொல்லி அழைத்து வராதே, ஜேம்ஸ் பக்கம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வை. இங்கே மது விற்கிற கிளப்களில் பல நிகழ்ச்சிகளுக்கு வயசு வரம்பு உண்டு, வாங்கும்போதே அதைப் பார்த்துவிடு, வாசலில் போய் நின்றுகொண்டு வாதாட முடியாது. உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பாதே, முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு வா. காதுக்கு அடைப்பான் நான் வாங்கி வைக்கிறேன், சும்மா பயமுறுத்தவில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்தைத்தான் பத்திரமாகத் தாங்கும், ஐராவின் ஒரே ஒரு நீண்ட பாட்டுக்கே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். எனக்கு இடது காதில் ஒரு கீச்சுச் சத்தம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, அவளுக்கு அது வேண்டாம்.

எட்டு ராத்திரிக்கும் தனித்தனியாகத்தான் டிக்கெட் விற்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த ராத்திரி என்று அவளையே கேட்டுச் சொல், விற்பனை தொடங்கிய அன்றே எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்